கடன் கொடுத்தவர் வெளியே நிற்கட்டும்

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே பிரிந்து செல்லும் கிரவல் பாதை ஒன்றின் ஓரத்தில் அந்த வீடு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் எமது பங்கின் சமூகப் பணிக்குழுவைச் சேர்ந்த மூவர் அங்கு சென்றிருந்தோம். அடுப்படியில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கதவோ உட்புறமாகத் தாழிடப்பட்டிருந்தது. இரண்டு மூன்று தடவை கூப்பிட்ட பின்னர் ஒரு சிறுமி யன்னலால் எட்டிப் பார்த்து, "அம்மா வீட்டில இல்லையாம்" என்றாள்.

எம்மை அடையாளம் கண்டுகொண்டதும் தாயார் கதவைத் திறந்து வெளியே வந்தார். "குறை நினைக்காதேங்கோ. கிழமைக் காசுக்கு வாற தம்பியாக்கும் எண்டு நினைச்சிட்டன்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்திய கிழமை வந்தவர், தவணைப் பணம் முழுவதும் கைக்கு வரும்வரை எழும்பமாட்டேன் என்று கூடத்தில் கதிரையைப் போட்டு இரவு எட்டு மணிவரை இருந்தாராம். ஆண்துணை இல்லாத வீடு. அயலவர்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கடைசியில் குழுவிலுள்ள மற்றப் பெண்களே ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு அவரை அனுப்பிவைத்திருக்கிறார்கள். "காசு குடுக்கிறது ஒரு பக்கம் கிடக்கட்டும். என்ர வீட்டுக்குள்ள வந்து இருக்கிறதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு" என்றார் அந்தத் தாய்.

அன்றிரவு இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். (பழைய மொழிபெயர்ப்பை வைத்திருப்பவர்கள் உபாகமம் என்று தேடவும்.) முன்பும் வாசித்த பகுதிதான். ஆனால் அன்று அது வேறு விதமாக இருந்தது. அயலானுக்குக் கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்குவதற்காக அவனுடைய வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கியவனே அதனை வெளியே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று 10ஆம் 11ஆம் வசனங்கள் சொல்கின்றன. கடன் கொடுக்கக் கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. வாங்கிய கடனைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லப்படவில்லை. கொடுத்தவனுடைய உரிமை வாசற்படியோடு நின்றுவிடுகிறது என்பதே சட்டம். கடன்பட்டவனாக இருந்தாலும் அவனுடைய வீட்டுக்குள் அவனே தலைவன்.

அதே அதிகாரத்தில் இன்னும் சில உண்டு. மாவரைக்கும் கல்லை அடகாக எடுக்கக் கூடாது, அது ஒருவருடைய சீவனையே அடகாக எடுப்பதற்குச் சமம் என்கிறது 6ஆம் வசனம். எமது ஊர்களில் இன்று அந்தக் கல்லின் இடத்தில் இருப்பவை தையல் இயந்திரமும், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும், படகின் இயந்திரமும் ஆகும். ஏழையின் போர்வையைப் பொழுது சாயும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 13ஆம் வசனமும், கைம்பெண்ணின் உடையை அடகாக வாங்கவே கூடாது என்று 17ஆம் வசனமும் கூறுகின்றன. எமது பெண்களின் தாலிக்கொடிகள் எத்தனை அடைவுகடைகளில் இருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு இவ்வசனங்களை வாசித்தால், இவை பழங்காலத்துச் சட்டங்கள் என்று தள்ளிவிட மனம் வராது.

இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் நுண்கடன் வாங்கியோர் பலர் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, 2010 ஒக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தவணைப் பணத்தைக் கடனாளியின் வீட்டுக்குச் சென்று அறவிடலாகாது. கிராம பஞ்சாயத்து அலுவலகத்திலோ அதற்கெனக் குறிக்கப்பட்ட பொது இடத்திலோ மட்டுமே பெறலாம் என்பது அதன் விதிகளில் ஒன்று. அதை எழுதிய அதிகாரிகள் இணைச்சட்டத்தை வாசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குள் நுழையும் கடன்காரனால் என்ன நடக்கும் என்பதைக் கண்ட எவரும் அதே விதிக்குத்தான் வந்து சேர வேண்டும் போலிருக்கிறது.

கடன் வந்த வழி

"எங்கட சனம் ஏன் இவ்வளவு கடன் படுகுது?" என்று ஆலய வாசலில் கேட்பவர்கள் அநேகர். கேட்பவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் உண்டு. ஆகவே பழைய கதையைச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது வன்னி மக்களிடம் உடுத்த உடையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. மாடு, உழவு இயந்திரம், வள்ளம், வலை, விதைநெல், நகை எல்லாம் போயிற்று. மெனிக் பாம் முகாமில் இருந்து கட்டம் கட்டமாக ஊர் திரும்பினார்கள். 2012 செப்டெம்பரில்தான் அம்முகாம் முற்றாக மூடப்பட்டது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கிடைத்தது. அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் கல்லும் மணலும் சீமெந்தும் அன்று விற்ற விலையில் பல வீடுகள் கூரை மட்டத்தில் நின்றுவிட்டன. மிச்சத்தைக் கட்ட மக்கள் கடன் பட்டார்கள்.

ஏ9 பாதை திறந்ததும் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வந்தன. உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி எல்லாம் லீசிங்கில் கிடைத்தன. உறுதியும் பிணையாளரும் இல்லாதவர்களுக்கு நுண்கடன் வந்தது. ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழு. ஒருவருக்கு மற்றவர்கள் பிணை. கிழமைக்கு ஒரு நாள் அறவீடு. வங்கி வாசலில் நாள்கணக்கில் காத்து நின்றவர்களுக்கு இது ஒரு விடுதலை போலவே தோன்றியது. அதன்பின் 2016, 2017ஆம் ஆண்டுகளின் வரட்சி. 2018 டிசெம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டபோது ஏற்பட்ட வெள்ளம். 2021இல் இரசாயனப் பசளைத் தடை. 2022இல் எல்லாப் பொருளும் எட்டாத விலை. ஒவ்வொன்றும் ஒரு புதிய கடனைக் கொண்டுவந்தது.

கணக்கையும் பார்ப்போம், ஏனெனில் கணக்கு விளங்காமல்தான் பலர் கையெழுத்து வைத்தார்கள். ஓர் எடுத்துக்காட்டாக, 50,000 ரூபா கடன், ஆண்டுக்கு 24 வீதம் வட்டி, 52 கிழமைத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,000. மொத்தம் 62,000. கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. கேட்பதற்கு 24 வீதம்தான். ஆனால் அரை ஆண்டு கழியும்போது முதலில் பாதியளவு திரும்பப் போய்விட்டது. வட்டியோ கடைசிக் கிழமைவரை முழு ஐம்பதாயிரத்துக்கும் கட்டப்படுகிறது. கையில் உண்மையாக இருந்த பணத்துக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடும்.

அதைவிடப் பெரிய கேடு கிழமைத் தவணைதான். காலபோகத்துக்கு ஐப்பசியில் விதைக்கும் ஒரு பெண் மாசியில் அறுவடை செய்வார். முதலாம் தவணையோ கடன் எடுத்த அடுத்த கிழமையே தொடங்கிவிடும். ஒக்டோபர் நடுப்பகுதியில் கடன் எடுத்தவர் பெப்ரவரி தொடங்கும்போது பதினாறு தவணை, அதாவது 19,000 ரூபாவுக்கு மேல் கட்டியிருக்க வேண்டும். நெல் இன்னும் வயலில் நிற்கிறது. காசு எங்கிருந்து வரும்? இரண்டாவது கம்பனியிடமிருந்து. அதைக் கட்ட மூன்றாவது. அதற்கும் மேல் மீற்றர் வட்டிக்காரர். வேளாண்மைக்கு ஒரு காலமும் கடலுக்கு ஒரு காலமும் உண்டு. எல்லாக் கிழமையும் ஒரே மாதிரிக் காசு வருவது கடைக்காரருக்கும் சம்பளக்காரருக்கும் மாத்திரமே. இதை ஊதாரித்தனம் என்று பிரசங்க மேடையில் இருந்து சொல்வது அநியாயம்.

எருசலேமில் எழுந்த கூக்குரல்

மீள்குடியேறிய மக்கள் கடனில் விழுவது விவிலியத்துக்குப் புதிய செய்தியன்று. நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரம் அதனையே சொல்கிறது. எமது வாசகர்கள் இந்த ஓர் அதிகாரத்தையாவது வீட்டில் இருந்து முழுமையாக வாசிக்க வேண்டும் என்பது எனது ஆசை.

பாபிலோனியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் ஊர் திரும்பியிருக்கிறார்கள். நகரம் இடிந்து கிடக்கிறது. நெகேமியா ஆளுநராக வந்து மதிலைக் கட்டத் தொடங்குகிறார். எல்லாரும் கூடி வேலை செய்கிறார்கள். நான்காம் அதிகாரம் வரையில் எதிரி வெளியில் இருக்கிறான். அவனைப் பற்றியே பேச்சு. ஐந்தாம் அதிகாரத்தில் மதிலுக்கு உள்ளேயிருந்து கூக்குரல் எழுகிறது. மக்களும் அவர்களுடைய மனைவியரும் தங்கள் யூத சகோதரருக்கு எதிராகக் கூக்குரலிட்டார்கள் என்று முதலாம் வசனம் சொல்கிறது. மனைவியரைத் தனியாகக் குறிப்பிட்டதைக் கவனிக்கவும். ஆண்கள் மதில் வேலைக்குப் போய்விட, வீட்டில் பானையைத் திறந்து பார்த்தவர்கள் அவர்கள்தானே.

அவர்கள் சொன்ன முறைப்பாடுகள் மூன்று வகை. சிலருக்குப் பிள்ளைகள் அதிகம், உண்ணத் தானியம் இல்லை. சிலர் பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்துவிட்டார்கள். இன்னும் சிலர் அரசனுக்கு வரி கட்டக் கடன் பட்டவர்கள். அவர்களுடைய பெண்பிள்ளைகள் ஏற்கெனவே அடிமைகளாகிவிட்டார்கள், மீட்கவும் வழியில்லை. ஒருவராவது ஆடம்பரத்துக்குக் கடன் பட்டதாக அங்கே எழுதியில்லை.

நெகேமியா கோபம் கொண்டார். ஆனால் உடனே பேசவில்லை. தமக்குள் சிந்தித்தார் என்று 7ஆம் வசனம் கூறுகிறது. பிறகு தலைவர்களையும் அதிகாரிகளையும் நேருக்கு நேர் குற்றஞ்சாட்டிப் பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டினார். கடன்பட்டவர்களுக்குச் சேமிப்புப் பற்றிக் கருத்தரங்கு வைக்கவில்லை! (எமது பணியகங்களில் கருத்தரங்கு வைப்பதே முதல் வேலையாக இருப்பதால் இதைச் சொல்கிறேன்.) கடன் கொடுத்தவர்களைத்தான் கூப்பிட்டார்.

அதன் பின்னர் வரும் 10ஆம் வசனமே என்னை அதிகம் உறுத்துவது. நானும் என் சகோதரரும் என் ஆட்களும்கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம், இதை விட்டுவிடுவோம் என்கிறார் நெகேமியா. ஆளுநர் தம்மை வெளியே நிறுத்திக்கொள்ளவில்லை. வயல்களையும் வீடுகளையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், நூற்றில் ஒரு பங்காக வாங்கியதையும் கொடுங்கள் என்று கட்டளையிடுகிறார். அந்த நூற்றில் ஒரு பங்கு என்பது மாதத்துக்கு ஒரு வீதம், அதாவது ஆண்டுக்கு 12 வீதம் என்று விரிவுரையாளர் பலர் கருதுகின்றனர். 12 வீதத்துக்கே எருசலேமில் கூக்குரல் எழுந்தது! எமது நாட்டில் பெண்களின் போராட்டங்களை அடுத்து மத்திய வங்கி, உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன்களுக்கு விதித்த உச்ச வரம்பு ஆண்டுக்கு 35 வீதம்.

இறுதியில் நெகேமியா குருக்களை வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் கடன் கொடுத்தவர்களைச் சத்தியம் செய்ய வைத்தார். கடன் விடயத்தில் குருவானவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு 12ஆம் வசனத்தைக் காட்டலாம்.

சொல்லப்படும் நியாயங்கள்

இவற்றை நாம் கிராமங்களில் பேசும்போது எதிர்க்கேள்விகளும் வரும். வரத்தான் வேண்டும்.

முதலாவது, இயேசுவே வட்டியை ஏற்றுக்கொண்டார் அல்லவா என்பது. மத்தேயு 25இல் தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனைப் பார்த்து, வட்டிக் கடையிலாவது போட்டிருக்கலாமே என்று தலைவன் கேட்கிறான். உவமையில் வரும் ஒரு வணிகன் தனது காசைப் பற்றிச் சொல்வதை ஏழையிடம் வட்டி வாங்கும் அனுமதியாக எடுப்பதென்றால், திருடனைப் போல வருவேன் என்ற உவமையை வைத்துத் திருட்டுக்கும் அனுமதி கேட்கலாம். திருச்சபை இதனை ஒருபோதும் அப்படி விளங்கிக்கொள்ளவில்லை. 325ஆம் ஆண்டின் நிசேயாப் பொதுச்சங்கம் வட்டி வாங்கும் குருக்களைப் பணியில் இருந்து நீக்கச் சட்டம் இயற்றியது. 1745இல்கூடத் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் வட்டிக்கு எதிராகச் சுற்றுமடல் எழுதினார். பிற்காலத்தில் முதலீட்டுக்குரிய நியாயமான வட்டியைத் திருச்சபை ஏற்றுக்கொண்டது உண்மை. அடுத்த வேளைச் சோற்றுக்கும் முறிந்த காலுக்கும் பட்ட கடன் முதலீடு அல்லவே.

இரண்டாவது, வாங்கிய கடனைக் கொடுக்காதவன் பொல்லாதவன் என்று 37ஆம் திருப்பாடல் சொல்கிறதே என்பது. சொல்கிறதுதான். கொடுக்க இருந்தும் கொடாதவனுக்கு அது பொருந்தும். அப்படியானவர்கள் எமது ஊர்களிலும் இருக்கிறார்கள், மறைப்பதற்கில்லை. ஆனால் நான் அறிந்த பெண்கள் பலர் பிள்ளையின் பாலுக்கு வைத்த காசைக் கொடுத்துத் தவணை கட்டியவர்கள்.

மூன்றாவது கேள்வி கனமானது. கடனைத் தள்ளுபடி செய்தால் நாளைக்கு யார் கடன் கொடுப்பார்கள்? 2018ஆம் ஆண்டு அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் நிதிக் கம்பனிகளிடம் பெற்று மூன்று மாதங்களுக்கு மேல் நிலுவையில் இருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது இந்தக் கேள்வியே பத்திரிகைகளில் அதிகம் கேட்கப்பட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பன்னிரண்டில் அடங்கின. சிலருக்கு அது உண்மையாகவே மூச்சுவிட இடம் தந்தது. நாலைந்து இடங்களில் கடன் பட்டவர்களுக்கு ஒன்று கழிந்து மற்றவை நின்றன.

இந்தக் கேள்வியை விவிலியம் முன்னரே கேட்டிருக்கிறது என்பதுதான் வியப்பு. இணைச்சட்டம் 15ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் கடன்களை விட்டுவிடக் கட்டளையிடுகிறது. அப்படியென்றால் ஆறாம் ஆண்டில் எவன் கடன் கொடுப்பான்? 9ஆம் வசனம் அதற்கே எழுதப்பட்டது: ஏழாம் ஆண்டு கிட்டுகிறது என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு ஏழைச் சகோதரனுக்குக் கையை மூடாதே, அவன் ஆண்டவரை நோக்கி முறையிட்டால் அது உன்மேல் பாவமாகும் என்பது அதன் கருத்து. சட்டம் கொடுத்தவர் மனிதரின் கணக்கு அறியாதவரல்லர். கணக்கை அறிந்தும் சட்டத்தைத் தளர்த்தவில்லை.

குழுப் பிணை பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் சுமையை ஒருவர் தாங்குங்கள் என்று பவுலடிகளார் கலாத்தியருக்கு எழுதியதை, குழுக்கடனுக்கு ஆதாரமாக ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொல்லக் கேட்டேன். தாங்கவில்லை, தாங்க வைக்கப்படுகிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் வேலைக்குப் போகாமல் அவள் வீட்டில் குந்தியிருக்க வேண்டும். பத்து ஆண்டு ஒரே பதுங்கு குழிக்குள் இருந்து உயிர் தப்பிய பெண்கள், ஆயிரம் ரூபாத் தவணைக்காக முகம் பார்த்துக் கதையாமல் போனதை நாம் கண்டோம். அயலானுக்குப் பிணை நின்றுவிட்டாயா, மானேபோல் தப்பி ஓடிவிடு என்ற பொருளில் நீதிமொழிகள் 6 எச்சரிக்கிறது. கம்பனிகளுக்கு இந்த முறையால் மிச்சமானது அறவீட்டுச் செலவு. ஊருக்கு நட்டமானது அயல்.

நூறு வெள்ளிக்காசு

2018 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் குவான் பாப்லோ போஹோஸ்லவ்ஸ்கி இலங்கைக்கு வந்து, நாட்டின் வெளிநாட்டுக் கடனையும் பெண்களின் நுண்கடனையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். அறவிட வருபவர்கள் சிலர் பாலியல் ரீதியாகப் பெண்களை நெருக்குவதையும் அவர் சுட்டிக்காட்டினார். 2021 மார்ச்சு 8ஆம் திகதி பொலநறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். வன்னிப் பெண்ணின் கூக்குரலும் அவர்களுடைய கூக்குரலும் ஒன்றே. இதை எமது பக்கத்தில் போதிய அளவு பேசவில்லை.

2022 ஏப்பிரல் 12ஆம் திகதி இலங்கை அரசாங்கமே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதன்பின் அதிகாரிகள் நாடு நாடாகச் சென்று, தவணையைத் தள்ளிப்போடுங்கள், வட்டியைக் குறையுங்கள், முதலில் ஒரு பகுதியை விடுங்கள் என்று கேட்டார்கள். 2024 ஜூனில் கடன் கொடுத்த நாடுகளின் குழுவோடும், அவ்வாண்டின் இறுதியில் பிணைமுறி வைத்திருந்தவர்களோடும் உடன்பாடு வந்தது. கேட்டதில் பிழையில்லை, நாட்டு மக்கள் சாப்பிட வேண்டும். ஆனால் அதே மூன்று வேண்டுகோள்களையும் கிளிநொச்சியில் ஒரு பெண் தனது 50,000 ரூபாக் கடனுக்காகக் கேட்டால் அது ஒழுக்கக் குறைவு என்று சொல்லப்படுகிறது.

மத்தேயு 18இல் இந்தக் கதை அப்படியே இருக்கிறது. பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட பணியாளன் அரசனின் காலில் விழுந்து தவணை கேட்டான், முழுவதும் மன்னிக்கப்பட்டது. வெளியே வந்தவன் தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டிய உடன்பணியாளனைக் கழுத்தை நெரித்தான். ஒரு வெள்ளிக்காசு ஒரு நாட்கூலி. ஆயிரம் ரூபா நாட்கூலிக்காக மலையகத் தொழிலாளர் போராடிய ஆண்டு 2018. அந்தக் கணக்கில் நூறு வெள்ளிக்காசு ஒரு இலட்சம் ரூபா. அவ்வாண்டுத் தள்ளுபடியின் எல்லையும் அதுவே. பத்தாயிரம் தாலந்தோ, ஒரு கூலியாள் எத்தனை பிறவி எடுத்து உழைத்தாலும் கட்ட முடியாத, நாடுகள் மட்டுமே படக்கூடிய கடன். அரசாங்கம் வேறு, கம்பனி வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த உவமையில் அரசனிடம் போய் முறையிட்டவர்கள் மற்றப் பணியாளர்கள். கண்டும் பேசாதிருக்க அவர்களால் முடியவில்லை.

2025 யூபிலி ஆண்டை அறிவித்து 2024 மே மாதத்தில் வெளியிட்ட மடலில் திருத்தந்தை பிரான்சிஸ், கட்ட இயலாத நாடுகளின் கடனை மன்னிக்கும்படி செல்வந்த நாடுகளைக் கேட்டார். 2000ஆம் ஆண்டு யூபிலிக்கு முன்னர் இரண்டாம் யோவான் பவுலும் இதனையே கேட்டிருந்தார். யூபிலி ஆண்டில் எமது ஆலயங்களில் திருப்பயணங்கள் நடந்தன, பதாகைகள் தொங்கின. லேவியர் 25ஐ எடுத்து, எமது பங்கில் யார் யாருக்குக் கடன் என்று எத்தனை பங்குகளில் கேட்டோம்?

நாமும்தான்

நெகேமியாவின் 10ஆம் வசனத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. மீள்குடியேற்ற காலத்தில் நாமும் சுழற்சிக் கடன் கொடுத்தோம். குறைந்த வட்டிதான், நல்ல நோக்கம்தான். ஆனால் பெண்களைக் குழுவாக்கி, கையெழுத்து வைக்கவும் தவணை கட்டவும் பழக்கியவர்களில் நாமும் அடக்கம். எமது பெயர்ப்பட்டியலில் இருந்த அதே ஐந்து பேர் பின்பு கம்பனியின் ஐவராகி நின்றதை நான் பார்த்தேன். வந்த கம்பனிக்குக் காணி துப்புரவாக்கிக் கொடுத்தது போலாயிற்று.

மாற்று வழி இல்லாமலில்லை. 1846-47ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் செர்மனியின் சிற்றூர் ஒன்றின் தலைவராக இருந்த இறைபக்தியுள்ள றைபைசன் என்பவர், வட்டிக்காரரிடம் சிக்கிய உழவர்களைக் கண்டு, 1864இல் கெடஸ்டோர்வ் என்ற ஊரில் உழவர்களின் சொந்தக் கடன் சங்கத்தைத் தொடக்கினார். இலங்கைக்கு 1911ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தோடு வந்த கடன் சங்கங்கள் அந்த வழியில் வந்தவையே. எமது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களில் சில தூங்குகின்றன, சிலவற்றில் தலைவர் மாறுவதேயில்லை. இருந்தும் அங்கு வட்டி உறுப்பினருக்கே திரும்புகிறது. பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கலாம். அறுவடைக்குப் பின் கட்டுகிறேன் என்றால் விளங்கிக்கொள்ள அங்கே ஒரு கமக்காரர் இருக்கிறார். பங்குகளின் சேமிப்புப் பணம் எங்கே கிடக்கிறது என்று பார்த்து, அதில் ஒரு பகுதியை இச்சங்கங்களில் வைப்பிலிட்டால் என்ன?

எலிசாவிடம் வந்த கைம்பெண்ணின் கதையையும் (2 அரசர் 4) இவ்விடத்தில் நினைக்கலாம். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வருகிறான். வீட்டில் என்ன இருக்கிறது என்று இறைவாக்கினர் கேட்கிறார். அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்கிறார், கொஞ்சமல்ல, நிறைய. பிறகு கதவைப் பூட்டிக்கொள்ளச் சொல்கிறார். எண்ணெய் விற்றுக் கடனும் கட்டப்பட்டது. மிச்சத்தில் அவளும் பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

இந்தப் பகுதிகள் ஞாயிறு வாசகங்களில் இடம்பெறுவதில்லை என்பதைப் பலர் அறியார். நெகேமியா 5உம், இணைச்சட்டம் 24இன் வாசற்படிச் சட்டமும், கைம்பெண்ணின் எண்ணெயும் ஞாயிறு திருப்பலியில் ஒருபோதும் வாசிக்கப்படுவதில்லை. ஏழையின் போர்வை பற்றிய விடுதலைப் பயணம் 22 மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை வருகிறது. ஆகவே இவற்றை அன்பியக் கூட்டங்களில்தான் வாசிக்க வேண்டும்.

நாம் அப்படித்தான் செய்தோம். முதலில் சொன்ன அந்தத் தாயின் வீட்டிலேயே அன்பியம் கூடியது. இணைச்சட்டப் பகுதியை வாசித்து முடித்ததும் ஒரு முதியவர், "இது பைபிளில இருக்கெண்டா ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்ல?" என்று கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை. பின்வரிசையில் ஓர் இளைஞர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எமது பாடகர் குழுவில் பாடுபவர். உயர்தரம் முடித்து வேலையில்லாமல் இருந்து, பிறகு ஒரு கம்பனியில் அறவீட்டு உத்தியோகத்தராகச் சேர்ந்தவர். வேறு ஊர்களுக்குத்தான் போகிறவர் என்றாலும் எல்லாருக்கும் தெரியும்.

"நான் வெளியில நிக்கலாம், மாமி" என்று அவர் மெல்லச் சொன்னார். "ஆனா வெறுங்கையோட போனால் மனேச்சர் என்னை நிக்க வச்சுக் கேப்பார். எங்களுக்கும் மேல ஆக்கள் நிக்கினம்."

அந்தத் தாய் சிறிது நேரம் அவரைப் பார்த்தார். "அவையள் நிக்கட்டும் தம்பி. நீ முத்தத்தில நில். வெயிலெண்டா, கதிரை கொண்டுவந்து தரச் சொல்லிக் கேள், எந்த வீட்டிலயும் தருவினம்" என்றார்.